விரலால் பேஸ் வாசிப்பவர்களில் யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேஸ் கிட்டார் கற்றுக்கொள்கிறவர்களோடு உட்கார்ந்து பேசும்போதெல்லாம் கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: விரலால் வாசிப்பவர்களில் யாரைக் கேட்பது, கேட்டதிலிருந்து எதை எடுத்துக்கொள்வது. தனித்தனியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். இதில் வரும் பெயர்கள் அத்தனையையும் ஒரே வாரத்தில் கேட்டு முடிக்க வேண்டாம். ஒருவருக்கு ஒரு மாதம் கொடுத்தாலும் தகும்.

ஃபிங்கர்ஸ்டைல்னா என்ன? பேஸ் எல்லாமே விரல்லதானே வாசிக்கிறாங்க?

இல்லை. பேஸ் கம்பியை ஒலிக்க வைக்க மூன்று வழிகள் பரவலாக உண்டு. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறிக் கம்பியைச் சுண்டுவது ஒன்று. அதைத்தான் ஃபிங்கர்ஸ்டைல் என்கிறோம். பிக் என்னும் சிறு தகட்டால் அடிப்பது இன்னொன்று. கட்டைவிரலால் கம்பியை அறைந்து, வேறொரு விரலால் கொக்கி போட்டு இழுத்துவிடும் ஸ்லாப் மூன்றாவது.

இரண்டு விரல் முறை இந்தக் கருவியோடு பிறந்ததல்ல. லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது மெல்லிய கம்பிக்குக் கீழே ஒரு சிறு பிடி இருந்தது. மற்ற விரல்கள் அதைப் பற்றிக்கொள்ள, கட்டைவிரலால் வாசிப்பார்கள் என்று நினைத்து வைத்தது அது. ஆனால் பலர் நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபுள் பேஸிலிருந்து வந்தவர்கள்; விரலால் இழுத்தே பழகியவர்கள். 1974-இல் அந்தப் பிடியைத் தடித்த கம்பியின் பக்கத்துக்கு, கட்டைவிரல் சாய்ந்துகொள்ளும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

எனக்கு பாட்டுல பேஸே தனியா கேட்கமாட்டேங்குது. அப்புறம் யாரைக் கேட்டு என்ன செய்ய?

எதில் கேட்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். நான்கு கம்பி பேஸின் தடித்த கம்பியைத் திறந்த நிலையில் (எங்கும் அழுத்தாமல்) மீட்டினால் நொடிக்கு ஏறக்குறைய 41 அதிர்வுகள். கைபேசியின் ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது. காதை முழுதாக மூடும் சாதாரண ஹெட்போன் ஒன்று இருந்தாலே நிலைமை மாறிவிடும்.

அடுத்தது பாட்டைத் தேர்ந்தெடுப்பது. குயீன் குழுவின் 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' (1980) பாட்டில் ஜான் டீக்கன் வாசித்த பேஸ் வரிதான் பாட்டின் முதுகெலும்பு. தேட வேண்டிய தேவையே இருக்காது. ஸ்டேப்பிள் சிங்கர்ஸின் 'ஐல் டேக் யூ தேர்' (1972) பாட்டில் நடுவே பாடகி ஒதுங்கிக்கொண்டு டேவிட் ஹூட்டின் பேஸுக்கு இடம் விடுவார். இந்த இரண்டையும் பேஸ் வரியை வாயால் முனகிக்கொண்டே கேளுங்கள். முனக முடிந்தால் காது பேஸைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். ஒரு வாரம் இப்படிக் கேட்டால், முன்பு கேட்காத பாட்டுகளிலும் அது தானாக மேலே வரும்.

ஆயிரம் பேர் இருக்காங்க. ஒரே ஒரு பேர் சொல்லுங்க, அவரிடமிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஜேம்ஸ் ஜேமர்சன். இதற்கு நான் யோசிப்பதே இல்லை. டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனத்தில், ஃபங்க் பிரதர்ஸ் என்று அழைக்கப்பட்ட வாத்தியக் குழுவில், 1960-கள் முழுக்க வாசித்தவர். உங்களுக்குத் தெரிந்த பழைய மோட்டவுன் பாட்டு எதை எடுத்தாலும் அதில் அவர் இருக்கப் பெரும் வாய்ப்பு உண்டு. 'ஃபங்க் மெஷின்' என்று பெயர் பெற்ற 1962-ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸ்தான் அவருடைய முக்கியக் கருவி. அது 1983-இல் திருடுபோனது. அதே ஆண்டு அவரும் மறைந்தார்.

முதலில் 'ஐ வாஸ் மேட் டு லவ் ஹெர்' (1967), அப்புறம் 'பெர்னடெட்' (1967), கடைசியாக 'வாட்ஸ் கோயிங் ஆன்' (1971) என்ற வரிசையில் கேளுங்கள். ஜேமர்சன் ஜாஸ் டபுள் பேஸிலிருந்து வந்தவர். அதனால் ஒரு கார்டிலிருந்து (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) அடுத்த கார்டுக்குத் தாவாமல், நடுவில் இருக்கும் சிறு சுரங்களில் கால் வைத்து நடந்து போவார். திறந்த கம்பிகளை அடிக்கடி ஒலிக்க விடுவார். அந்த நேரத்தில் பிடிக்கும் கை அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடும். ஒரு சுற்றில் வாசித்ததை அடுத்த சுற்றில் அப்படியே வாசிக்கவும் மாட்டார். இத்தனை அசைவு இருந்தும் பாடுகிறவரின் மேல் எங்கேயும் ஏறி நிற்பதில்லை. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில்தான் பேஸ் பேசுகிறது என்பதைக் கவனியுங்கள்.

அப்புறம் ஒன்று, இந்தப் பக்கம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரப்போவது. ஒரு சுரம் எங்கே தொடங்குகிறது என்பது யார் காதிலும் விழும். அது எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். ஜேமர்சன் வழவழப்பான ஃபிளாட்வூண்ட் கம்பிகளை மாற்றாமல் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார். கம்பிகள் கருவியின் உடலில் முடியும் இடமான பிரிட்ஜின் மூடிக்கு அடியில் நுரைப்பஞ்சும் இருந்தது. அதனால் அவருடைய சுரம் 'தும்' என்று விழுந்து சீக்கிரம் அடங்கும். அப்படி அடங்கியதால்தான் டிரம்ஸுக்கும் குரலுக்கும் இடம் கிடைத்தது.

ஜேமர்சன் ஒரு விரலாலதான் வாசிச்சாராமே. நானும் அப்படியே பழகட்டுமா?

உண்மைதான். மீட்டும் கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தார். அந்த விரலுக்கு 'த ஹூக்' என்று பட்டப்பெயரே உண்டு. ஆனால் நீங்கள் இரண்டு விரலால் பழகுங்கள். ஒரு விரலில் அவருக்கு இருந்த வேகம், வருடக்கணக்கில் டபுள் பேஸின் கனத்த கம்பிகளை இழுத்த கையில் வந்தது.

அதே சமயம் அந்த ஒரு விரலில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரே விரல் என்பதால் எல்லாச் சுரமும் ஒரே கனத்தில், ஒரே நிறத்தில் வரும். இரண்டு விரலால் வாசிக்கிறவர்களில் பலருக்கு ஆள்காட்டி விரல் ஓங்கியும் நடுவிரல் மெலிந்தும் கேட்கும். ஒரு வரியை ஒற்றை விரலில் மெதுவாக வாசித்துப் பதிவு செய்யுங்கள். பிறகு அதையே இரண்டு விரலில் வாசித்துப் பதிவு செய்யுங்கள். இரண்டு பதிவுகளுக்கும் வேறுபாடு தெரியாத வரை மெதுவாகவே வாசிக்கலாம்.

எல்லாரும் ஜாகோ ஜாகோங்கிறாங்க. கேட்டா பயமா இருக்கு, ஒண்ணுமே புரியல.

ஜாகோ பாஸ்டோரியஸின் 1976-ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தில் ஆரம்பித்தால் பலருக்கும் இப்படித்தான் ஆகிறது. வேறு வாசல் வழியாகப் போங்கள். அதே ஆண்டு வந்த ஜோனி மிட்செலின் 'ஹெஜிரா' ஆல்பத்தில் நான்கு பாட்டுகளில் அவர் வாசித்திருக்கிறார். 'கொயோட்டி' பாட்டில் தொடங்குங்கள். குரலுக்கும் கிட்டாருக்கும் நடுவே இன்னொரு பாடகர் போல அவருடைய பேஸ். அது பழகிய பிறகு வெதர் ரிப்போர்ட் குழுவின் 'ஹெவி வெதர்' (1977), அதற்கப்புறம் அந்த முதல் ஆல்பம்.

அவரிடம் கேட்க வேண்டியவை நிறைய. கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகளான ஃபிரெட்டுகளை எடுத்துவிட்டு எபாக்ஸி பூசிய ஜாஸ் பேஸில் வாசித்ததால், சுரங்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிப் போகின்றன. பிரிட்ஜுக்குப் பக்கத்தில் உள்ள பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்) மேல் விரலை வைத்துச் சுண்டுவதால், ஒலி கெட்டியாகவும் சற்று மூக்கால் பேசுவது போலவும் இருக்கும். கம்பியை அழுத்தாமல் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்ஸ் ஒலிகளைப் பெரும்பாலும் வைத்தே 'போர்ட்ரெய்ட் ஆஃப் டிரேசி' என்ற முழுப் படைப்பை நெய்திருக்கிறார்.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இவற்றில் எதுவும் இல்லை. ஜாகோ சிறுவயதில் டிரம்ஸ் வாசித்தவர். மணிக்கட்டில் அடிபட்ட பிறகுதான் பேஸுக்கு வந்தார். 'கம் ஆன், கம் ஓவர்' பாட்டில் சுரங்களின் இடையே சுருதியே இல்லாத 'டக் டக்' ஒலிகள் வந்துகொண்டிருக்கும். கோஸ்ட் நோட் என்பார்கள். அவற்றை மட்டும் கவனித்தால் ஒரு டிரம்ஸ்காரர் பேஸுக்குள் உட்கார்ந்து வாசிப்பது தெரியும். அங்கே பயம் போய்விடும்.

வேகமா, பொடிப்பொடியா வாசிக்கிற ஃபங்க் ஸ்டைல் யார்கிட்ட கத்துக்கலாம்?

டவர் ஆஃப் பவர் குழுவின் ரொக்கோ பிரெஸ்டியாவிடம். 'வாட் இஸ் ஹிப்?' (1973) பாட்டில் ஓர் அடிக்கு நான்கு வீதம் சுரங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். கேட்டதும் எல்லோரும் மீட்டும் கையைப் பார்ப்பார்கள். வித்தை பிடிக்கும் கையில் இருக்கிறது. ஒரு விரல் சுரத்தை அழுத்தும்போது மற்ற விரல்கள் கம்பிகளின் மேல் மெத்தென்று படுத்திருக்கும். சுரம் பிறந்த உடனேயே அழுத்தத்தைத் தளர்த்திவிடுவார். ஒவ்வொரு சுரமும் ஒரு மிளகு போலத் தனித்தனியாக உருண்டு விழும்.

இதைப் பழகத் தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வையுங்கள். ஒரே ஒரு சுரத்தை ஓர் அடிக்கு நான்கு முறை வாசியுங்கள். ஒவ்வொன்றையும் பிடிக்கும் கையால் உடனே அடக்குங்கள். நான்கும் ஒரே நீளத்தில் வந்தால் மட்டும் வேகத்தைக் கூட்டுங்கள். அலுப்பாக இருக்கும், ஆனால் இரண்டு வாரத்தில் கை வேறு கையாகிவிடும். டேவிட் கரிபால்டியின் டிரம்ஸை மட்டும் தனியாகக் கவனித்து ஒரு முறை கேளுங்கள். பேஸ் ஏன் அப்படி வாசிக்கிறது என்பதற்கு விடை அங்கே கிடைக்கும்.

இதே வழியில் மீட்டர்ஸ் குழுவின் ஜார்ஜ் போர்ட்டர் ஜூனியரையும் ('சிஸ்ஸி ஸ்டிரட்', 1969) சேர்த்துக்கொள்ளுங்கள். அவரிடம் சுரங்கள் குறைவு, இடைவெளி அதிகம்.

டக் டன், ரெகே பேஸ் எல்லாம் ரெண்டு மூணு நோட்தானே. அதுல கத்துக்க என்ன இருக்கு?

டொனால்ட் 'டக்' டன் மெம்பிஸின் ஸ்டாக்ஸ் ஸ்டூடியோவில் வாசித்தவர். 'சோல் மேன்' (1967), 'ஹோல்ட் ஆன், ஐம் கமின்' (1966) இரண்டிலும் அவர் வாசித்ததை அரை மணி நேரத்தில் நீங்களும் கற்றுவிடலாம். அதைப் பாட்டோடு சேர்த்து மூன்று நிமிடம் தடுமாறாமல், அவசரப்படாமல், ஒரு சுரம் கூடக் கூட்டாமல் வாசிக்கச் சொன்னால் பெரும்பாலோர் ஒரு நிமிடத்தில் எதையாவது சேர்த்துவிடுகிறார்கள். கை சும்மா இருக்க மறுக்கிறது. அந்தப் பொறுமைதான் அவரிடம் படிக்க வேண்டியது.

ரெகேவில் பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழுவில் வாசித்த ஆஸ்டன் 'ஃபேமிலி மேன்' பேரட். டிரம்ஸ் வாசித்தவர் அவருடைய தம்பி கார்ல்டன். ரெகேயின் ஒன் டிராப் தாளத்தில் முதல் அடியை டிரம்ஸ் காலியாக விட்டுவிடும். அந்தக் காலியிடத்தோடு பேஸ் என்ன செய்கிறது என்று கவனித்துக் கேளுங்கள். சில இடங்களில் அதை நிரப்பும், சில இடங்களில் தானும் மௌனமாகி அடுத்த அடியில் வந்து சேரும். 'ஸ்டிர் இட் அப்' (1973) ஆரம்பத்துக்கு ஏற்றது. ராபி ஷேக்ஸ்பியரையும் விட்டுவிடாதீர்கள். டிரம்ஸ்காரர் ஸ்லை டன்பரோடு அவர் வாசித்தவை ஒரு தனி உலகம்.

ராக், மெட்டலுக்கு பிக் இல்லாம முடியாதுன்னு சொல்றாங்க. உண்மையா?

அயர்ன் மெய்டன் குழுவைத் தொடங்கிய ஸ்டீவ் ஹாரிஸ் 'த ட்ரூப்பர்' (1983) பாட்டில் வரும் அந்தக் குதிரைப் பாய்ச்சலை விரல்களால்தான் வாசிக்கிறார், அதுவும் ஃபிளாட்வூண்ட் கம்பிகளில். மெட்டாலிகாவின் கிளிஃப் பர்ட்டன், பிளாக் சாபத்தின் கீஸர் பட்லர் எல்லோரும் விரல்காரர்கள். இன்னும் வேகம் வேண்டுமென்றால் மோதிர விரலையும் சேர்த்து மூன்று விரலால் வாசிக்கும் பில்லி ஷீஹன், அலெக்ஸ் வெப்ஸ்டர் இருக்கிறார்கள். மூன்று விரலுக்கு அவசரமில்லை. இரண்டு விரல் சமமாகும் வரை பொறுங்கள்.

லெட் செப்பலினின் ஜான் பால் ஜோன்ஸ் வாசித்த 'ரேம்பிள் ஆன்' (1969) பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். உரக்க ஒலிக்கும் ராக் பாட்டின் அடியில் பேஸ் தனியாக ஒரு மெட்டைப் பாடிக்கொண்டிருக்கும். ஜேமர்சனைக் கேட்டு முடித்த காதுக்கு அது எந்த வீட்டுப் பிள்ளை என்று உடனே தெரிந்துவிடும்.

பெண்கள் பேரே வரலையே?

வர வேண்டும். டால் வில்கென்ஃபெல்ட் 2007-இல் லண்டன் ரானி ஸ்காட்ஸ் மேடையில் ஜெஃப் பெக்கோடு வாசித்தபோது வயது 20. அந்த நிகழ்ச்சியில் 'காஸ் வீ ஹாவ் எண்டெட் ஆஸ் லவர்ஸ்' பாட்டில் அவருடைய தனி வாசிப்பைக் கேளுங்கள். அவசரமே இல்லாமல் ஒரு மெட்டை மெல்ல விரித்துக்கொண்டு போவார். மிஷெல் என்டகியோசெலோவின் 'பிளாண்டேஷன் லல்லபைஸ்' (1993) ஃபங்க் விரல் வாசிப்புக்கு நல்ல பள்ளி. எஸ்பெரான்சா ஸ்பால்டிங் டபுள் பேஸ், பேஸ் கிட்டார் இரண்டையும் வாசித்துக்கொண்டே பாடுகிறவர். 2011-இல் சிறந்த புதிய கலைஞருக்கான கிராமி பெற்றவர். பாடிக்கொண்டே வாசிக்க விரும்புகிறவர்களுக்கு அவர்தான் வழிகாட்டி.

கரோல் கேயின் பெயரை ஏன் விட்டேன் என்று கேட்பார்கள். 1960-களின் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிப்பதிவுகளில் அவருடைய இடம் மிகப் பெரியது. ஆனால் அவர் பிக்கால் வாசித்தவர். அவரைக் கேட்பது கட்டாயம் நல்லது. விரல் நுட்பத்துக்கு மட்டும் வேறு இடம் பாருங்கள்.

விக்டர் வூட்டன், மார்கஸ் மில்லர், ஃப்ளீ இவங்களை எல்லாம் ஏன் சொல்லல?

மூவரையும் உலகம் அறிந்தது முதலில் கட்டைவிரல் வித்தையால்தான். அதற்காக அவர்கள் விரலால் வாசிப்பதில்லை என்று ஆகாது. ஃப்ளீ 1991-இல் வந்த ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் ஆல்பத்தில் ஸ்லாப்பை வெகுவாகக் குறைத்துக்கொண்டார். அதில் அவருடைய விரல் வாசிப்பைக் கேட்கலாம். ஸ்லாப்புக்குப் பேர்போன லூயிஸ் ஜான்சன்தான் மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' (1982) பாட்டில் அந்த அடங்கிய, விடாப்பிடியான வரியை விரலால் வாசித்தார்.

இப்போ வாசிக்கிறவங்கள்ல யாரைக் கேட்கலாம்? பழைய ஆளுங்களாவே இருக்கே.

ஜோ டார்ட். வல்ஃப்பெக் குழுவின் 'டீன் டவுன்' (2016) ஜாகோவின் 'டீன் டவுன்' பாட்டுக்குச் செய்த மரியாதை. தமிழில் எழுதினால் இரண்டு பெயரும் ஒன்றாகத் தெரிகிறது. ஆங்கிலத்தில் முன்னது Dean Town, பின்னது Teen Town. ஆரம்பம் முதல் கடைசி வரை பொடிச் சுரங்களாக ஓடும் அந்தப் பேஸ் வரியை அவர்களுடைய மேடைகளில் கூட்டமே சேர்ந்து பாடுகிறது. ரொக்கோவுக்கு மேலே சொன்ன பயிற்சியைச் செய்துவிட்டு இதைக் கேட்டால் கை என்ன செய்கிறது என்று கண்ணால் பார்ப்பது போலத் தெரியும்.

தண்டர்கேட் ஆறு கம்பிப் பேஸில் கார்டுகளும் மெட்டும் கலந்து வாசிக்கிறார். பினோ பல்லடினோவைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு பாட்டுல பேஸ் யார் வாசிச்சதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஆல்பத்தின் உறையில் இருக்கும் பெயர்ப்பட்டியல்தான் முதல் வழி. ஆனால் பழைய பாட்டுகளில் இது எளிதில்லை. 1971-இல் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பம் வரும் வரை மோட்டவுன் தன் வாத்தியக்காரர்களின் பெயரை உறையில் போட்டதே இல்லை. அதனால் எல்லாவற்றையும் ஜேமர்சன் கணக்கில் எழுதிவிடும் பழக்கம் வந்துவிட்டது. ஜாக்சன் ஃபைவின் 'ஐ வாண்ட் யூ பேக்' (1969) பாட்டில் வாசித்தவர் வில்டன் ஃபெல்டர். அந்த 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்திலேயே 'மெர்சி மெர்சி மீ', 'இன்னர் சிட்டி ப்ளூஸ்' இரண்டிலும் வாசித்தவர் பாப் பாபிட். தலைப்புப் பாட்டையும் 'இன்னர் சிட்டி ப்ளூஸ்' பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டு இருவரையும் பிரித்தறிய முயலுங்கள். காதுக்கு இதைவிட நல்ல தேர்வு எனக்குத் தெரியாது.

விரலா, பிக்கா, சிந்தசைசரா? கேட்டு எப்படிப் பிரிக்கிறது?

சுரத்தின் முதல் கணத்தைக் கேளுங்கள். பிக்கில் 'க்ளிக்' என்று ஒரு கூர்மை இருக்கும். விரலில் அந்த முனை மழுங்கி, சதையின் மென்மை இருக்கும். சிந்தசைசரில் ஒவ்வொரு சுரமும் அச்சில் வார்த்தது போல ஒன்றாக இருக்கும். விரல் கம்பியில் உரசும் ஓசை, கை நகரும் ஓசை எதுவும் இருக்காது.

தேர்ந்த காதுகளும் ஏமாறுவது உண்டு. ஹெர்பி ஹான்காக்கின் 'ஹெட் ஹண்டர்ஸ்' (1973) ஆல்பத்தில் 'கமிலியன்' தொடங்கும்போது வரும் புகழ்பெற்ற வரி பேஸ் கிட்டார் இல்லை, சிந்தசைசர். பேஸ் வாசித்த பால் ஜாக்சன் அதற்கு மேலே, உயர்ந்த சுரங்களில் கிட்டார் போல வாசித்துக்கொண்டிருப்பார். ஸ்டீவி வொண்டரின் 'சூப்பர்ஸ்டிஷன்' (1972) பாட்டிலும் அடியில் ஓடுவது மூக் சிந்தசைசர். இவற்றை விரலில் வாசித்துப் பழகலாம், தப்பே இல்லை. அந்த ஒலி மட்டும் விரலில் வரவில்லை என்று மனம் உடைய வேண்டாம்.

டேப் பார்த்து கத்துக்கிறதா, காதால கத்துக்கிறதா?

காதால். கம்பி எண்ணும் ஃபிரெட் எண்ணும் போட்ட டேப் தாளில் எந்தச் சுரம் என்பது இருக்கும். அது எவ்வளவு நேரம் நீள்கிறது, எவ்வளவு அழுத்தம், எங்கே அடங்குகிறது என்பது இருக்காது. ஜேமர்சனுக்கான பதிலில் சொன்ன அந்த 'சுரம் நிற்கும் இடம்' தாளில் தொலைந்துவிடும்.

நான் செய்கிற வழி இது. நான்கு அளவு (தாளச் சுற்று) மட்டும் எடுத்துக்கொள்வேன். கருவியைத் தொடாமல் வாயால் பாடும் வரை கேட்பேன். பிறகு வேகத்தை முக்கால்வாசியாகக் குறைத்து ஒவ்வொரு சுரமாகக் கம்பியில் தேடுவேன். எல்லாம் கிடைத்த பிறகு, அதே சுரத்தை வேறு கம்பியில் பிடித்தால் ஒலி இன்னும் நெருங்குகிறதா என்று பார்ப்பேன். தடித்த கம்பியின் ஐந்தாம் ஃபிரெட்டும் அடுத்த கம்பியின் திறந்த ஒலியும் ஒரே சுரம்தான்; குரல் வேறு. ஒரு முறை ஜேமர்சனின் வரி ஒன்றில் இரண்டு வாரம் திணறினேன். பிடிக்கும் கை எட்டவே இல்லை. திறந்த கம்பியை நுழைத்ததும் கை ஓர் அங்குலம் கூட நகராமல் எல்லாம் வந்துவிட்டது. எந்த டேப்பும் அதை அப்படி உறைக்க வைத்திருக்காது. எங்கேயோ ஒரு சுரம் எத்தனை முறை கேட்டும் பிடிபடாவிட்டால் அந்த இடத்துக்கு மட்டும் டேப்பைப் பாருங்கள், சரி.

அவங்க பேஸ், அவங்க கம்பி, அவங்க ஆம்ப் இல்லாம அந்த டோன் வருமா?

பெரும்பகுதி வரும். உங்கள் பேஸிலேயே கழுத்துப் பக்கம் சுண்டினால் உருண்டையான, கனத்த ஒலி. பிரிட்ஜ் பக்கம் நகர்ந்தால் ஜாகோவின் பக்கம் போவீர்கள். பிரிட்ஜுக்கு அருகே கம்பிகளின் அடியில் சிறு பஞ்சை நுழைத்தால் மோட்டவுன் பக்கம். எந்தச் செலவும் இல்லாத இந்த இரண்டையும் செய்து பார்த்துவிட்டு மற்றதை யோசியுங்கள்.

மெதுவாகத் தொடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேரி வில்லிஸ் கம்பிகளுக்கு அடியில் ஒரு மரப்பலகையைப் பொருத்தி வாசிப்பவர். விரல் கம்பிக்குள் ஆழமாகப் போகாமல் அந்தப் பலகை தடுக்கும். ஆம்பின் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) ஒலியைக் கூட்டி விரலின் பலத்தைக் குறைத்தால் சுரம் சுத்தமாகும், கையும் சோராது. வாசிக்கும்போது வலி வந்தால் நிறுத்திவிடுங்கள்; வலியோடு பழகிய பழக்கத்தை மாற்றுவது கஷ்டம்.

ஒருத்தரையே காப்பி அடிச்சா என்னோட ஸ்டைல் போயிடாதா?

ஜாகோ தன் முன்னோடிகளில் ஜெர்ரி ஜெமாட்டை மதித்தவர். பி.பி. கிங்கின் 'த திரில் இஸ் கான்' (1969) பாட்டில் பேஸ் வாசித்தவர் ஜெமாட். 1985-இல் ஜாகோ ஒரு பாடக் காணொளி செய்தபோது எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டவரும் அதே ஜெமாட்தான். ஜெமாட்டைக் கேட்டுவிட்டு ஜாகோவைக் கேளுங்கள், எங்கிருந்து என்ன வந்தது என்று தெரியும். ஜாகோவிடமிருந்து ஜோ டார்ட் வரை அந்தச் சங்கிலி போவதை மேலே பார்த்தோம். உங்களுக்குப் பிடித்தவர் யாரைக் கேட்டு வளர்ந்தார் என்று பின்னோக்கிப் போங்கள். இரண்டு மூன்று தலைமுறை தாண்டும்போது உங்கள் கையில் பல பேர் கலந்திருப்பார்கள். அந்தக் கலவை வேறு யாரிடமும் இருக்காது.

தனியா வாசிச்சா அச்சு அசலா இருக்கு. பாட்டோட சேர்த்து வாசிச்சா ஏதோ ஒட்டல. சுரம் எல்லாம் சரிதான். என்ன தப்பு?

இந்தக் கேள்வி வந்தால் எனக்குச் சந்தோஷம். காது நன்றாகத் திறந்த பிறகுதான் இந்தக் குறை தெரியும். காரணம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, சுரம் நிற்கும் இடம். காலால் அடிக்கும் கிக் டிரம்மோடு பேஸ் தொடங்குவது சரியாக இருக்கும். ஸ்நேர் அடிக்கும் கணத்தில் அடங்க வேண்டிய சுரம் அதைத் தாண்டி நீண்டுகொண்டிருக்கும். பாட்டு சேறாகிவிடும். டானி ஹாத்தவேயின் 1972 நேரலை ஆல்பத்தில் 'வாய்சஸ் இன்சைட்' என்ற நீண்ட பாட்டில் வில்லி வீக்ஸ் வாசிப்பதைக் கேளுங்கள். கடைசிப் பகுதியில் அவருடைய தனி வாசிப்பு வருகிறது. அதற்கு முன்பு பல நிமிடம் ஒரே வரியை அவர் எப்படித் துண்டு துண்டாக நிறுத்தி நிறுத்திப் பிடித்திருக்கிறார் என்பதுதான் இந்தக் குறைக்கு மருந்து.

இரண்டாவது, அடியின் எந்தப் பக்கம் வாசிக்கிறீர்கள் என்பது. வேல்ஸ் நாட்டுக்காரரான பினோ பல்லடினோ 1983-இல் பால் யங்கின் 'வேரெவர் ஐ லே மை ஹாட்' பாட்டில் ஃபிரெட்லெஸ் பேஸை ஒரு குரல் போலப் பாட வைத்தவர். அதே மனிதர் 2000-இல் டி'ஏஞ்சலோவின் 'வூடூ' ஆல்பத்தில் வேறு ஆளாக இருக்கிறார். 'சிக்கன் கிரீஸ்' பாட்டில் குவெஸ்ட்லவ் டிரம்ஸ் அடிக்க, பேஸ் ஒரு மயிரிழை தாமதமாக வந்து உட்காரும். தாளம் தப்பவில்லை, சாய்ந்திருக்கிறது. ஸ்டீவ் ஹாரிஸ் இதற்கு நேர் எதிர். அவருடைய பேஸ் அடியின் முன்விளிம்பில் நின்று பாட்டை இழுத்துக்கொண்டு ஓடும்.

பாட்டை ஒரு காதிலும் உங்கள் வாசிப்பை மறு காதிலும் வரும்படி பதிவு செய்யுங்கள். முதல் முறை கேட்கும்போது தொடக்கங்களை மட்டும் பாருங்கள்: முந்துகிறீர்களா, பிந்துகிறீர்களா. இரண்டாம் முறை முடிவுகளை மட்டும். ஒட்டாத இடம் எங்கே என்று குறித்துக்கொண்டு, அந்த ஒரே அளவை மட்டும் பத்து முறை வாசித்து மறுபடி பதிவு செய்து கேளுங்கள்.